மலை ரோட்டில் ஜிபிஎஸ் மீட்டர்: பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், எதை நம்பலாம்?

சைக்கிள் ஹேண்டிலில் பூட்டும் ஜிபிஎஸ் மீட்டர் பற்றி ஒரு வாரமாகக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. நான் ஒன்பது வருடமாக நுவரெலியாவைச் சுற்றி ஓட்டுகிறேன், இதுவரை மூன்று மீட்டர் பாவித்தாயிற்று, நண்பர்களுடையது கெட்டுப்போனாலும் என்னிடம்தான் வரும். பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அட்டனிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, கார்மின் எட்ஜ் 530 வாங்கினேன். 20 மணி நேரம் ஓடும் என்றார்கள். எனக்கு 11 மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை தம்பி. 20 மணி நேரம் என்பது கம்பெனியே சொல்லும் கணக்கு, பேட்டரி சேமிப்பில் போட்டால் 40 வரை சொல்கிறார்கள். அந்தக் கணக்கு திரை மங்கலாக, அதிக வேலை கொடுக்காமல் ஓட்டினால் வருவது. 530இன் திரை வெயிலை வாங்கித் திருப்பிக் காட்டும் வகை, நல்ல வெயிலில் பின்விளக்கே வேண்டாம். நம் ஊரிலோ காலையில் மூடுபனி, மத்தியானம் மேகம், நடுவில் மரநிழல், அதனால் ஆட்டோவில் விட்டால் விளக்கு பாதி நேரம் எரிந்துகொண்டேதான் இருக்கும். பட்டனைத் தொட்டால் 15 வினாடி மட்டும் எரிகிற மாதிரி வைத்துப் பாருங்கள். இன்னொன்று, வரைபடம் போட்டுக்கொண்டு தோட்டத்து ரோட்டுக்குள் இறங்கினால் மீட்டர் வழி தவறிவிட்டதென்று நினைத்துத் திரும்பத் திரும்பப் புது வழி தேடும். பேட்டரியை அரிப்பது அதுவும்தான். மறுவழி தேடுவதை அணைத்துவிடுங்கள்.

அப்புறம், தூரத்தை வைத்துப் பேட்டரியைக் கணக்குப் போடாதீர்கள். யாழ்ப்பாணத்துச் சம ரோட்டில் 75 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் முடிக்கிற ஆள் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு அதே தூரம் ஏறினால், தேநீருக்கு நிற்பதையும் சேர்த்து ஆறு மணி நேரம் போய்விடும். மீட்டருக்குக் கிலோமீட்டர் தெரியாது, மணிக்கூடுதான் தெரியும்.

வெலிமடை அக்கா ஒருவர்: குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் அக்கா, ஆனால் நம் குளிருக்கு அவ்வளவு இல்லை. லித்தியம் பேட்டரி பூச்சியத்துக்குப் பக்கத்தில் போனால்தான் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சோரும். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படிகிற காலையில் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் போனால் கொஞ்சம் குறையலாம். 12, 15 பாகையில் பெரிய வித்தியாசம் வராது. எல்லாரும் குளிரைத் திட்டுகிறார்கள், இங்கே மீட்டரைக் கொல்வது ஈரம்.

போன வருடம் ஒரு நண்பரின் மீட்டர் சார்ஜ் ஏறவில்லை என்று வந்தது. ரப்பர் மூடியைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்தால் சார்ஜ் துளைக்குள் பித்தளைப் பாத்திரத்தில் படிகிற களிம்பு மாதிரி பச்சையாக ஒரு பொருக்கு, ஒரு பின்னைப் பாதி தின்றிருந்தது. மழையில் நனைந்து வந்ததும் துடைக்காமல் சார்ஜில் போட்டிருக்கிறார். ஈரத்தில் மின்சாரம் ஓடினால் உலோகம் அரிக்கத்தான் செய்யும். ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து ஒரு மாதிரி உயிர் வந்தது, ஆனாலும் வயரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறுகிறது. மனதுக்குக் கஷ்டமாக இருந்தது, நல்ல மீட்டர்.

ஐபிஎக்ஸ் 7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். அது அசையாத நல்ல தண்ணீரில், மூடி சரியாக இருக்கும்போது. மூன்று வருடம் வெயில் தின்ற ரப்பருக்கு அந்த உறுதி கிடையாது. வீட்டுக்கு வந்ததும் துடைத்து, மூடியைத் திறந்து, இரவு முழுக்கக் காயவிட்டு, காலையில் சார்ஜ் போடுங்கள். அடுப்புப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், சூடு பேட்டரிக்கு ஆகாது.

கம்பளையிலிருந்து: இறம்பொடை ஏறும்போது மழை பிடித்தது. ஏறிக்கொண்டே இருக்கிறேன், மீட்டரில் உயரம் கூடவே இல்லை. உள்ளே பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறது. கடல் மட்டத்தில் சுமார் 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும், நம் உயரத்தில் அதற்குச் சுமார் 10 மீட்டர் ஏற வேண்டும். காற்று உள்ளே போகிற துளை ஊசிமுனை அளவுதான். மழைத் தண்ணீரோ வேர்வை உப்போ அதை அடைத்தால் மீட்டர் பழைய அழுத்தத்தையே நம்பிக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, உதறிக் காயவிடுங்கள். ஊசியால் மட்டும் குத்தாதீர்கள், உள்ளே இருக்கிற சவ்வு கிழிந்தால் முடிந்தது.

துளை சுத்தமாக இருந்தாலும் வானிலை மாறினால் உயரம் நகரும். ஒரே இடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே 20 மீட்டர் மாறியதைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர் ரயில் நிலையப் பலகைகளில் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்குமே, அங்கே நிறுத்திச் சரிசெய்துகொள்ளலாம். நானுஓயாவில் நான் செய்வது அதுதான்.

பண்டாரவளை தம்பி: வளைவுகளில் என் பாதை தேயிலைக்குள்ளால் வெட்டிப் போகிறது.

இடைவெளி விட்டுத் தேவையானபோது மட்டும் பதிகிற 'ஸ்மார்ட்' முறையிலிருந்து ஒவ்வொரு வினாடிக்கும் பதிகிற முறைக்கு மாற்றுங்கள், கொண்டை ஊசி வளைவில் நிறைய வித்தியாசம் தெரியும். ஒரு பக்கம் மலை மறைத்தால் பாதி வானம்தான் மீட்டருக்குத் தெரிகிறது, அதனால் ஜிபிஎஸ்ஸோடு கலிலியோ என்கிற ஐரோப்பியச் செயற்கைக்கோள்களையும் சேர்த்துவிடுங்கள், கொஞ்சம் பேட்டரி போனாலும் பரவாயில்லை. புறப்படும் முன் திறந்தவெளியில் ஒரு நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள். வேகம் சரியாக வேண்டுமென்றால் சக்கர அச்சில் ஒரு சென்சார் மாட்டினால் போதும்.

அப்புத்தளை: 90 கிலோமீட்டர் ஓடி முடித்ததும் மீட்டர் உறைந்துவிட்டது. பதிவு போனதா?

ரீசெட் செய்யாதீர்கள்! முதலில் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, வயரில் கணினியோடு இணைத்து, உள்ளே இருக்கிற ஃபிட் கோப்புகளை (ஓட்டப் பதிவு இருப்பது இவற்றில்தான்) வேறிடத்தில் பிரதி எடுங்கள். ஓடும்போதே எழுதிக்கொண்டு போவதால் பெரும்பாலும் அது அங்கேயே இருக்கும், கடைசித் துண்டு மட்டும் சிதைந்திருந்தால் சரிசெய்கிற மென்பொருள்கள் உண்டு. அப்புறம் ரீசெட். நீண்ட பயணத்துக்கு முதல் நாள் இரவு அப்டேட் போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

தலவாக்கலை: ஐந்து வருடப் பழைய மீட்டர் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?

விலையைப் பேசுமுன் ஒரு நாள் இரவல் கேளுங்கள். முழுதாக ஏற்றி, பின்விளக்கைக் கூட்டி, அணைகிற வரை ஓடவிடுங்கள். 30 விழுக்காடு காட்டும்போது பொத்தென்று அணைந்தால் பேட்டரி களைத்துவிட்டது, பல மாடல்களில் மாற்றுவது லேசான வேலை இல்லை, வேண்டாம் என்றுவிடுங்கள். படிப்படியாக இறங்கி ஏழு எட்டு மணி நேரம் தாங்கினால், மூடி ரப்பர் விரலால் இழுத்தால் வெடிக்காமல் இருந்தால், எடுங்கள். பாவிக்காத மாதங்களில் பாதி சார்ஜோடு வையுங்கள், காலியாக அலுமாரியில் போட்டுவிடாதீர்கள்.