பேரன் கையே அளவுகோல்

கே: எங்கள் பேரனுக்கு மூன்று வயது. கல்யாண வீட்டு வேலையில், வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் வடிகஞ்சிச் சட்டி சரிந்து அவனுடைய இடது கை, நெஞ்சு, தொடையெல்லாம் கொட்டிவிட்டது. முதலில் போன ஆஸ்பத்திரியில் உடம்பில் 20 சதவீதம் வெந்திருக்கிறது என்று எழுதினார்கள். மதுரைக்குக் கொண்டுபோனால் 11 என்கிறார்கள். யார் சொன்னது சரி?
- ஒரு ஆச்சி, தேவகோட்டை

ப: ஆச்சி, குழந்தை நல்லபடியாகத் தேறி வரட்டும். பார்க்காமல் எந்த எண் சரி என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இந்த வித்தியாசம் எப்படி வருகிறது என்று காரைக்குடியில் இத்தனை வருஷம் பார்த்ததில் தெரியும்.

வெறுமனே சிவந்திருக்கும் தோலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கொப்புளம் வந்த இடம், தோல் உரிந்த இடம், வெளுத்துப்போன இடம், இவைதான் கணக்கு. கொட்டிய முதல் மணி நேரத்தில் உடம்பெல்லாம் சிவந்து கிடக்கும். அவசரத்தில் எல்லாம் சேர்ந்துவிடும்.

இன்னொன்று, பெரியவர்களுக்கான ஒன்பது கணக்கு. தலை 9, ஒரு கை 9, ஒரு கால் 18, முன்னுடம்பு 18, முதுகுப் பக்கம் 18. இதைக் குழந்தைக்கு அப்படியே போடக் கூடாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் தலையே 18, கால் 14தான். வளர வளரத் தலையின் பங்கு குறையும், காலின் பங்கு கூடும். அதனால்தான் வயதுவாரியாகப் பிரித்த லண்டு-பிரவுடர் அட்டவணையைப் பார்ப்போம். 1944லிருந்து இருக்கிறது.

சிதறிக் கொட்டிய புண்ணுக்கு உள்ளங்கைதான் சுலபம். விரல்களைச் சேர்த்து வைத்த உள்ளங்கை சுமார் 1 சதவீதம். யாருடைய கை என்பதுதான் முக்கியம். பயிற்சி டாக்டராக இருந்தபோது ஒரு குழந்தையின் முதுகை என் கையால் அளந்தேன். பெரிய டாக்டர் ஒன்றும் பேசாமல் அந்தக் குழந்தையின் கையை எடுத்து என் உள்ளங்கைக்குள் வைத்தார். பாதிக்கு மேல் என் கை வெளியே தெரிந்தது. புண்ணை அத்தனை குறைத்து எழுதியிருந்தேன். இன்றைக்கும் அந்தச் சின்னக் கை கண்ணில் நிற்கிறது.

சரி, எண் கூடினால் என்ன என்று கேட்பீர்கள். டிரிப்ஸ் அளவே அந்த எண்ணில்தான் நிற்கிறது. பார்க்லண்ட் கணக்குப்படி 4 மில்லி, எடை, சதவீதம் மூன்றையும் பெருக்க வேண்டும். 15 கிலோ குழந்தைக்கு 20 என்றால் 1200 மில்லி. 11 என்றால் 660. கூடினால் உடம்பும் நுரையீரலும் நீர் கோத்துக்கொள்ளும், குறைந்தால் சிறுநீரகம் தாங்காது. இது முதல் 24 மணி நேரத்துக்கான அளவு, அதில் பாதி முதல் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். அந்த 8 மணி நேரம் கஞ்சி கொட்டிய நிமிஷத்திலிருந்து ஓடுகிறது, ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து அல்ல. அதனால் எந்த வீட்டிலும் முதலில் கடிகாரத்தைப் பார்த்து வையுங்கள்.

அப்புறம் குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் ஓடவிட்டு புண்ணை நனையுங்கள். மற்ற உடம்பைத் துணியால் போர்த்திக் குளிராமல் பாருங்கள். ஐஸ், பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம். கீழே இருக்கும் புண் எங்களுக்குத் தெரியாமல் போகும். கையில் வெள்ளிக் காப்பு இருந்தால் வீங்குவதற்கு முன்னே கழற்றுங்கள்.

கே: அம்மாவுக்குக் கீமோ கொடுக்க உயரம் எதற்கு அளக்கிறார்கள்?
- வாசகர், கானாடுகாத்தான்

ப: இதுவும் தோல் பரப்புக் கணக்குதான். உயரத்தையும் எடையையும் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுப்பார்கள். 150 செ.மீ., 54 கிலோ என்றால் 1.5 சதுர மீட்டர். பல கீமோ மருந்துகளுக்கு அளவு அதை வைத்துத்தான். நடுவில் அம்மா சாப்பிடாமல் மெலிந்திருந்தால், அடுத்த முறை போகும்போது மறக்காமல் எடை பார்க்கச் சொல்லுங்கள்.