ஆனைமேல் துஞ்சியவர்

அன்புள்ள ஐயா,

சோழர்களின் கடாரப் படையெடுப்பு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தேசியச் சேவையில் ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் எங்கே தவறினோம் என்று எங்களை உட்காரவைத்துப் பேசச் சொல்வார்கள். அந்தக் காலத்து அரசர்கள் தோற்ற பிறகு அப்படிப் பேசியதுண்டா? நாம் ஏன் வெற்றிகளை மட்டும் பாடுகிறோம்?

ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள தம்பி,

முதலில் நம் வீட்டுத் தோல்வி. 949இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனிடம் சோழப்படை தோற்றது. இளவரசர் ராஜாதித்தர் யானை மீதே மாண்டார். காஞ்சியைச் சுற்றிய தொண்டைமண்டலம் கைவிட்டுப் போனது. அவரை 'ஆனைமேல் துஞ்சின' தேவர் என்றார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் ஏன் தோற்றோம் என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. கர்நாடகத்து ஆதகூர் கல் வேறு மாதிரி. கிருஷ்ணன் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன் ராஜாதித்தரைக் கொன்றான் என்று நேராகச் சொல்கிறது. (காட்டுப்பன்றியோடு மோதிச் செத்த காளி என்ற வேட்டைநாய்க்கும் அதே கல்லில் இடம் உண்டு.)

நீங்கள் கேட்ட மாதிரி பேசியவர் விஜயநகரத்து இரண்டாம் தேவராயர். தக்காணத்துப் பாமினி சுல்தான்களிடம் திரும்பத் திரும்ப அடிவாங்கிய பிறகு அவையைக் கூட்டிக் காரணம் கேட்டார் என்று பாரசீக மொழியில் வரலாறு எழுதிய பெரிஷ்தா சொல்கிறார். சிலர் விதி என்றார்கள். வேறு சிலர், அவர்கள் குதிரைகள் வலுவானவை, நம்முடையவை சீக்கிரம் களைத்துவிடும், நல்ல வில்லாளிகளும் நம்மிடம் குறைவு என்றார்கள். ராயர் இந்தப் பேச்சைத்தான் எடுத்துக்கொண்டார். முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து நிலம் கொடுத்தார். அவர்கள் தயங்காமல் வணங்கும்படி தன் முன்னால் குர்ஆனை வைக்கச் சொன்னார். தன் ஆட்களுக்கு வில் பழக்கினார். பெரிஷ்தா தரும் 60,000 இந்து வில்லாளிகள் என்கிற கணக்கை நான் அப்படியே நம்பமாட்டேன். ஆனால் ராயரிடம் பணியாற்றிய முஸ்லிம் அதிகாரி அகமது கான் 1439இல் கட்டிய மண்டபம் ஹம்பியில் இன்றும் நிற்கிறது.

1443இல் அந்தப் படையோடு பாமினியர் மீது போனபோதும் அவருக்கு முழு வெற்றி கிடைக்கவில்லை. சரி, அதனால் அவர் மதிப்பு என்னிடம் குறையவில்லை. அரசன் முகத்துக்கு நேரே 'நம் குதிரை மட்டம்' என்று சொல்ல அந்த அவையில் ஆள் இருந்தது, கேட்க அரசனும் இருந்தான்.

வெற்றியை மட்டும் பாடுகிறோம் என்ற உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. இங்கே சிங்கப்பூரில், 1942இல் ஜப்பானியரிடம் சரணடைந்த பிப்ரவரி 15ஐ ஆண்டுதோறும் முழுமைத் தற்காப்பு நாளாக நினைவுகூர்கிறோம். தக்கோலத்துக்கு அப்படி ஒரு நாளை நாம் வைத்துக்கொள்ளவில்லை.

உங்கள் பயிற்சிக் கூட்டத்தில் முதலில் வாய் திறப்பது யார், அதிகாரியா, சிப்பாயா? எழுதுங்கள்.