அரை நாளில் கொடைக்கானல்

கேள்வி: கல்லூரி மாணவிகள் முப்பது பேர் பழைய தேவாலயங்களுக்குத் திருயாத்திரை போகிறோம். கொடைக்கானலில் அரை நாள்தான். எதைப் பார்க்கலாம், டீச்சர்?
- வாசகி, வத்தலக்குண்டு

பதில்: சலேத் மாதா கோயில் ஒன்றே போதும்மா. 1860-களில் எழுந்தது. பஸ்ஸிலேயே கதையைச் சொல்லிவிடுங்கள். 1846 செப்டம்பர் 19, பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் சலேத் என்ற ஊர். மாடு மேய்த்த மெலானிக்கு வயது 14, மாக்சிமினுக்கு 11. கைகளில் முகம் புதைத்து அழுதபடி மாதா காட்சி தந்தார். மார்பில் சிலுவை, அதன் ஒருபுறம் சுத்தியல், மறுபுறம் குறடு.

"குறடு எதுக்கு டீச்சர்?" என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். ஆணியைப் பிடுங்க என்றேன். அப்புறம் அவள் வெகுநேரம் முழங்காலிலேயே இருந்தாள். அந்த நேரத்தை உங்கள் பிள்ளைகளுக்கும் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். ஆகஸ்ட் 15 திருவிழா. கூட்டம் நெரியும், வேறு நாள் பாருங்கள். ஸ்வெட்டர் கட்டாயம்.