கட்டிடம் செய்த குற்றம்

கேள்வி: மாண்ட்ரியலில் இத்தாலியர்களின் சமூகக் கூடமான ‘காசா திதாலியா’வை 1940இல் கனடா அரசு எடுத்துக்கொண்டதைப் பெரிய அநியாயம் என்று எழுதுகிறார்கள். அது முசோலினி ஆட்களின் கூடாரம்தானே? அதைப் பிடித்ததற்கு எண்பது வருஷம் கழித்து ஒரு பிரதமர் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? (மாண்ட்ரியலிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முதலில் ஒரு திருத்தம். 2021 மே மாதம் அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ மன்னிப்புக் கேட்டது கட்டிடத்துக்காக இல்லை, வழக்கே இல்லாமல் முகாமில் அடைக்கப்பட்ட மனிதர்களுக்காக. நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். 1940இல் அரசும் இதையேதான் செய்தது.

மற்றபடி நீங்கள் சொல்வதில் பாதி சரி. 1930களில் வெளிநாட்டு இத்தாலியர்களைக் கைக்குள் வைத்துக்கொள்ள ரோம் ரொம்பவே மெனக்கெட்டது. துணைத்தூதரகம் வழியாகப் பிள்ளைகளுக்கு மொழிப் பாடப்புத்தகம் வரும், புத்தகத்தைத் திறந்தால் முசோலினி நிற்பார். 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்துவிட்டு ‘தாய்நாட்டுக்குத் தங்கம் கொடுங்கள்’ என்று கேட்டபோது மாண்ட்ரியல் இத்தாலியப் பெண்களும் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் தந்த இரும்பு மோதிரத்தைப் போட்டுக்கொண்டார்கள். இதையெல்லாம் அந்தச் சமூகத்து நினைவுக்கூட்டங்களில் பேசச் சொன்னால் பலருக்கு நாக்கு எழாது. சரி, அது அவர்கள் பாடு.

ஆனால் ‘முசோலினி ஆட்கள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட முடியாது. கியூபெக்கில் ‘இத்தாலியின் மைந்தர்கள்’ என்ற பரஸ்பர உதவிச் சங்கமே 1920களில் பாசிசத்தை வைத்து இரண்டாக உடைந்தது. எதிர்த்தவர்கள் தனிச் சங்கம் வைத்து நடத்தினார்கள். 1936இல் எழுந்த அந்தக் கூடத்துக்குச் சமூகமே சந்தா திரட்டிப் பணம் போட்டது, அதுவும் பாதிப் பேருக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்ற பொருளாதார மந்த காலத்தில். நிலம் யார் கொடுத்தது தெரியுமா? மாண்ட்ரியல் நகராட்சி. மேயர் கமிலியன் ஊட் என்ற பருத்த, வாய்த்துடுக்கான மனிதர், இத்தாலியர் ஓட்டுகள் மேல் அவருக்கு ஒரு கண். கூடாரம் என்கிறீர்களே, கூடாரம் அடிக்க இடம் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

தலைநகர் ஒட்டாவாவில் இருந்த கனடா அரசு மட்டும் என்ன. அதே எத்தியோப்பியப் போரின்போது, 1935 நவம்பரில், ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தில் (ஐ.நா.வுக்கு முன்னோடி) இருந்த கனடா பிரதிநிதி வால்டர் ரிடல், இத்தாலிக்கு எதிரான தடைப்பட்டியலில் எண்ணெய், நிலக்கரி, இரும்பு இவற்றையும் சேர்க்கலாம் என்றார். முசோலினிக்கு உண்மையிலேயே வலித்திருக்கக்கூடிய தடை அது. சில வாரத்தில் ஒட்டாவாவிலிருந்து அறிக்கை வந்தது: அது அவருடைய சொந்தக் கருத்து, அரசின் கருத்து அல்ல. அறிக்கை விட்டவர் எர்னஸ்ட் லபோயிண்ட். ஐந்து வருஷம் கழித்து 1940 ஜூனில் இத்தாலியர்களைப் பிடித்து அடைக்க அதிகாரம் கொடுத்த நீதி அமைச்சர் யார்? அதே லபோயிண்ட். 1935இல் மோதிரம் கொடுத்த கிழவி 1940இல் எதிரியானால், 1935இல் எண்ணெயை விட்டுக்கொடுத்த மந்திரி என்ன ஆனார் என்று யாராவது கேட்க வேண்டாமா?

1940 ஜூன் 10ஆம் தேதி முசோலினி போர் அறிவித்தார். கனடாவில் போலீஸ் கையில் பட்டியல் தயாராக இருந்ததால் அன்றைக்கே கைது தொடங்கிவிட்டது. சுமார் 31,000 பேர் ‘எதிரி நாட்டவர்’ என்று பதிவு செய்யப்பட்டு அவ்வப்போது போலீசிடம் போய்த் தலைகாட்ட வேண்டியதாயிற்று. சுமார் 600 பேர் முகாமுக்குப் போனார்கள், பெரும்பாலும் ஒண்டாரியோவில் பெட்டவாவா முகாமுக்கு. காசா திதாலியாவை அரசு கைப்பற்றி ராணுவத்திடம் கொடுத்தது, போர் முடிந்த பிறகுதான் சமூகத்தின் கைக்குத் திரும்பியது. டொராண்டோவில் பெவர்லி தெருவில் இருந்த காசா திதாலியாவையும் அரசு கைப்பற்றியது.

அந்த 600 பேரில் நிஜமாகவே பாசிசக் கட்சிக்காரர்கள் இருந்தார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவர் மீதும் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வைக்கப்படவில்லை, ஒருவர்மீதும்! யார் தீவிரவாதி, யார் மளிகைக் கடைக்கு நாலு ஆள் வரட்டும் என்று சங்கத்தில் பெயர் கொடுத்தவர் என்று பிரித்துப் பார்க்கும் வேலையை அரசு வசதியாகத் தவிர்த்துக்கொண்டது. உங்கள் கேள்வியும் அதைத்தான் தவிர்க்கிறது.

அப்புறம் நம்ம ஊட்! அதே 1940 ஆகஸ்டில், போருக்கு ஆள் திரட்ட அரசு நடத்திய தேசியப் பதிவுக்கு யாரும் பெயர் கொடுக்க வேண்டாம் என்று பகிரங்கமாகச் சொன்னதற்காக அவரையும் தூக்கிக்கொண்டு போய் அதே பெட்டவாவாவில் போட்டார்கள். முகாம்களில் மொத்தம் நான்கு வருஷம். 1944இல் வெளியே வந்தார், அந்த வருஷமே மறுபடி மேயர். இத்தாலியர்களுக்கு இந்த மாதிரி அதிர்ஷ்டம் எங்கே? 1990இல் பிரதமர் மல்ரோனி அவர்களிடம் வருத்தம் தெரிவித்தது கூட பாராளுமன்றத்தில் இல்லை, ஒரு விருந்தில். அதே போரில் அடைக்கப்பட்ட ஜப்பானியக் கனடியர்களுக்கு 1988இல் ஆளுக்கு 21,000 டாலர் கொடுத்தார்கள். இவர்களுக்குத் தனிப்பட்ட இழப்பீடு 1990இலும் இல்லை, 2021இலும் இல்லை. ஆகவே வரிப்பணம் போய்விட்டதோ என்று நீங்கள் பதற வேண்டாம்.

மாண்ட்ரியலில்தானே இருக்கிறீர்கள்? ஒரு நாள் ஜான் தாலோன் மெட்ரோவில் இறங்கிக் கூடத்தைப் பார்த்துவிட்டு, நடக்கிற தூரத்தில் இருக்கும் நோத்ர் தாம் த லா டெஃபான்ஸ் தேவாலயத்துக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். சுவரோவியத்தில் குதிரைமேல் முசோலினி. 1929இல் போப்போடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நினைவாக வரையப்பட்டது. வரைந்த கீடோ நின்கேரியையும் 1940இல் பெட்டவாவாவுக்குக் கொண்டுபோனார்கள். அவர் முதலில் போட்ட மாதிரிப் படத்தில் முசோலினியே கிடையாது, கேட்டவர்கள் கேட்டுச் சேர்த்தது. அவர் மனைவி அந்தப் பழைய மாதிரிப் படங்களைக் கொண்டுபோய் அதிகாரிகளிடம் காட்டிய பிறகுதான் ஆளை விட்டார்கள். போர் முடியும்வரை ஓவியத்தை மூடி வைத்திருந்தார்கள். இப்போது திறந்துதான் இருக்கிறது, குதிரையும் அங்கேயே நிற்கிறது.