98 மைல் எறிகிறான், எந்தச் சுற்றில் போவான்?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். பக்கத்துக் கல்லூரி பேஸ்பால் அணியில், ஆட்டத்தின் நடுவில் மாற்றாக இறங்கி எறியும் ரிலீஃப் பிட்சர் ஒருவன் 98 மைல் வேகத்தில் எறிகிறான். தொழில்முறை அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஜூலை டிராஃப்டில் முதல் சுற்றிலேயே போய்விடுவான் என்கிறான் என் மகன். அணிகளுக்காக ஆள் தேடும் ஸ்கவுட்கள் இவனிடம் எதைப் பார்ப்பார்கள்? கேலரியில் உட்கார்ந்து நாங்களும் கணிக்க முடியுமா?

பதில்: மகனுக்கு பென் ஜாய்ஸைப் பற்றிச் சொல்லுங்கள். டென்னசி பல்கலைக்கழகத்தின் ரிலீஃப் பிட்சர். 2022 மே மாதம் ஆபர்ன் அணிக்கு எதிராக 105.5 மைல் எறிந்தார். கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். ஆனாலும் அந்த ஜூலையில் ஏஞ்சல்ஸ் அணி அவரை மூன்றாம் சுற்றில், 89ஆவது ஆளாகத்தான் எடுத்தது. முழங்கையில் ஏற்கனவே டாமி ஜான் என்ற தசைநார் அறுவை சிகிச்சை ஆனவர், பெரிய ஆட்டங்களில் வீசிய இன்னிங்ஸும் கொஞ்சம்தான்.

உங்கள் ஊர்ப் பையனைப் பார்க்க கேட்சருக்கு நேர் பின்னால் இடம் பிடியுங்கள். ரிலீஃப் பிட்சரில் ஸ்கவுட்டுக்கு உள்ள பெரிய தலைவலி, அவன் எப்போது களமிறங்குவான் என்றே தெரியாது. இறங்கினாலும் பதினைந்து, இருபது பந்தோடு முடிந்துவிடும். அதனால் ஒரு நாள் ஆட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். கல்லூரித் தொடர்கள் பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று நடக்கும். வெள்ளிக்கிழமை 98 எறிந்தவன் ஞாயிறன்று மறுபடி வரும்போது 94க்கு இறங்கிவிட்டானா? அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ரேடார் கன் எண்ணை விட்டுவிட்டு கேட்சரின் கிளவுஸைப் பாருங்கள். வெளிப்பக்கம் தாழ்வாகக் கேட்ட பந்துக்கு கிளவுஸ் நெஞ்சு உயரத்துக்குப் பாய்கிறது என்றால், பையனுக்குக் கட்டுப்பாடு இல்லை. ஃபவுல் பந்துகளும் நிறையச் சொல்லும். நேராகப் பின்வலையில் போய் அடித்தால் பேட்ஸ்மேன் அந்த வேகத்தைப் பிடித்துவிட்டான். வலக்கை பேட்ஸ்மேன் அடித்தது வலப்பக்கம் சிதறினால், அவன் இன்னும் பேட்டைத் தாமதமாகத்தான் சுழற்றுகிறான். இரண்டு ‘பால்’ (இலக்குக்கு வெளியே போன பந்து), ஸ்டிரைக் ஒன்றும் இல்லை என்ற நெருக்கடியிலும் பக்கவாட்டில் வளையும் ஸ்லைடரைத் துணிந்து எறிகிறானா என்று பாருங்கள். என் கணிப்பில் இதுதான் பாதி விடை.

ரன்னர் நிற்கும்போது போனில் ஸ்டாப்வாட்சை ஓட விடுங்கள். முதல் அசைவிலிருந்து பந்து கிளவுஸில் விழ 1.3 விநாடி என்றால் சரி. 1.5 தாண்டினால் முதல் பேஸில் நிற்பவன் இரண்டாம் பேஸுக்கு ஓடிவிடுவான்.

முதல் சுற்றுப் பணம் பெரும்பாலும் ஸ்டார்ட்டராக, அதாவது ஆட்டத்தைத் தொடங்கி நீண்ட நேரம் எறிபவனாக, மாறக்கூடியவனுக்குத்தான். அதிலும் அணிகள் அடி வாங்கியிருக்கின்றன. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரிலீஃப் பிட்சர் டைலர் ஜேயை 2015இல் ட்வின்ஸ் அணி ஆறாவது ஆளாக எடுத்து, ஸ்டார்ட்டராக்கப் பார்த்தது. காயங்கள் துரத்தின, அவர் மேஜர் லீக் ஏறியது 2024இல், அதுவும் மெட்ஸ் அணிக்காக. எதிர்ப்பக்கம் சாட் கார்டெரோ: வேகத்தால் மிரட்டியவர் அல்ல, கேட்ட இடத்தில் எறிபவர். 2003இல் எக்ஸ்போஸ் அணி 20ஆவது ஆளாக எடுத்தது. 2005இல் 47 சேவ், அதாவது முன்னிலையைக் காத்து முடித்துக் கொடுத்த ஆட்டங்கள்.

நீங்கள் சொன்ன வேகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், நான் அவனை மூன்றாம் சுற்றுக்கு முன்னால் எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கோடு மறுபடி எழுதுங்கள்.