பிடரியில் தட்டுப்படும் மேடு

கேள்வி: என் மகள் குனிந்து படிக்கும்போது கழுத்தும் முதுகும் சேருமிடத்தில் ஓர் எலும்பு புடைத்துத் தெரிகிறது. அது கட்டியாக இருக்குமோ?

பதில்: நடுக்கோட்டில், வலியின்றி, கெட்டியாகத் தட்டுப்படுமானால் அது பெரும்பாலும் ஏழாவது கழுத்து முள்ளெலும்பின் பின்புற நீட்சிதான். கழுத்திலுள்ள 7 முள்ளெலும்புகளில் மூன்றாவது முதல் ஐந்தாவது வரையிலானவற்றின் நீட்சிகள் பொதுவாகக் குட்டையாகவும் நுனி பிளந்தும் தசைக்குள் புதைந்திருக்க, ஏழாவதன் நீட்சியோ நீண்டு, பெரும்பாலும் பிளவுபடாமல் பின்னோக்கி நிற்பதால், தலை குனிந்தவுடன் தோலுக்கடியில் எழுந்து தெரிகிறது. மெலிந்த பிள்ளைகளிடம் இது இன்னும் தெளிவாகப் புலப்படும். சிலருக்கு அடுத்துள்ள முதல் மார்பு முள்ளெலும்பே அதிகம் எடுப்பாக இருக்கும், அதுவும் இயல்பானதே. ஆனால் மேடு மென்மையாக இருந்தாலோ, நடுவிலிருந்து விலகியிருந்தாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, வலித்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இத்தகைய மேடுகளை மருத்துவர்கள் பெரிதும் மதிக்கிறார்கள். எனக்கும் உடற்கூற்றியலில் மிகவும் பிடித்த பகுதி இதுவே. பிடரி மேட்டிலிருந்து முதுகெலும்புகளைக் கீழ்நோக்கி எண்ணுவதைப் போலவே, முன்பக்கத்தில், மார்பெலும்பின் மேற்பகுதியும் நடுப்பகுதியும் சேருமிடத்திலுள்ள குறுக்கு வரம்பிலிருந்து விலா எலும்புகளை எண்ணுகிறார்கள். முதல் விலா காறை எலும்புக்கடியில் மறைந்திருப்பதால் விரலுக்கு எளிதில் அகப்படாது. இந்த வரம்பின் இருபுறமும் இணைவது இரண்டாவது விலா என்பதால் எண்ணிக்கை அங்கிருந்தே தொடங்குகிறது.