சாட்பொட் போட்டுத் தந்த பாட அட்டவணை

கேள்வி: சேர், எனக்குச் சொந்த இடம் களுவாஞ்சிக்குடி. வந்தாறுமூலைக் கம்பஸில் விஞ்ஞான பீடத்தில் முதலாம் வருடம் முடிகிறது. அடுத்த செமிஸ்டருக்கு என்ன பாடங்கள் எடுக்கலாம் என்று சாட்பொட்டிடம் கேட்டேன். அழகாக அட்டவணை போட்டுத் தந்தது. பார்த்தால், அதில் இரண்டு பாடங்கள் எங்கள் கைநூலிலேயே இல்லை! இதை வைத்து என்ன செய்வது?

பதில்: மகள், அது உங்கள் கைநூலைப் பார்த்திருக்காது. எத்தனையோ கம்பஸ்களின் பாடப் பெயர்களைப் படித்த பழக்கத்தில், இங்கேயும் இப்படி ஒன்று இருக்கும் என்று எழுதிவிடும். அமெரிக்காவில் ஜோர்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2016இல் 'பவுன்ஸ்' என்றொரு சாட்பொட்டை வைத்தது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் நடுச்சாமத்திலும் போனில் கேள்வி அனுப்பலாம். அங்குள்ளவர்களே விடைகளை எழுதி அதற்குள் வைத்திருந்தார்கள். தெரியாத கேள்வி வந்தால் அலுவலர்களிடம் போகும். உங்கள் போனில் இருப்பதற்கு அப்படி யாரும் ஊட்டி வளர்க்கவில்லை, நீங்கள்தான் ஊட்ட வேண்டும்.

கைநூலில் உங்கள் கற்கைநெறிக்குரிய பக்கங்களைப் போட்டோ எடுத்துக் கொடுங்கள். "இதிலுள்ளதை மட்டும் வைத்துச் சொல், பக்க எண்ணையும் போடு" என்று எழுதுங்கள். அப்புறம், நாலாம் வருடத்தில் என்ன செய்ய ஆசை என்று சொல்லி, அதற்கு எந்தெந்தப் பாடங்களை முன்னமே முடித்திருக்க வேண்டும் என்று பின்னாலிருந்து கேளுங்கள். பிள்ளைகள் சறுக்கும் இடம் இதுதான். புள்ளிவிபரவியல் கஷ்டம் என்று இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு, பிறகு விரும்பிய பாடத்துக்குப் பதிய முடியாமல் என் அறையில் வந்து அழுதவர்கள் உண்டு. பக்கங்களைக் கொடுத்தால் அந்தத் தொடர்பைக் கண்டுபிடிப்பதில் பொட் கெட்டிதான், ஒத்துக்கொள்கிறேன்.

சுமையையும் பாருங்கள். நம் பல்கலைக்கழகக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது விரிவுரை, செய்முறை, சொந்தப் படிப்பு எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலம். 15 கிரெடிட் எடுத்தால் 750. இதற்கு மேல் மட்டக்களப்பு டவுனில் பஸ் மாறி வந்து போகிற நேரம் வேறு. லாப் முடியப் பொழுதுபடும் நாட்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் விடுதியில் இருப்பதாக நினைத்துத்தான் நேரசூசி போடும். சுட்டெண், அடையாள அட்டை இலக்கம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

எந்தத் தெரிவுப் பாடம் இந்த முறை நடக்கும் என்பது துறையில்தான் தெரியும். பதிவு முடிய முதல், அந்த அட்டவணையை எடுத்துக்கொண்டு உங்கள் ஆலோசகர் விரிவுரையாளரைப் பாருங்கள். வெறுங்கையோடு வந்து "சேர், நான் என்ன எடுக்க?" என்று நிற்கும் பிள்ளையை விட, உங்களோடு பேச அவருக்கும் சுகம்.

கேள்வி: என் மகனுக்கு உயர்தர முடிவு வந்துவிட்டது. இந்த வருட வெட்டுப்புள்ளியைச் சாட்பொட் நாலு தசமத்தோடு சொல்கிறது. அதைப் பார்த்து விண்ணப்பம் நிரப்பலாமா? (அக்கரைப்பற்றுத் தாய்)

பதில்: வேண்டாம் தங்கச்சி. விண்ணப்பங்கள் எல்லாம் போய், இடங்கள் பங்கிடப்பட்ட பிறகுதான் வெட்டுப்புள்ளியே பிறக்கும். வருடத்துக்கு வருடம் மாறும், பல துறைகளுக்கு அம்பாறைக்கு ஒன்று, மட்டக்களப்புக்கு ஒன்று. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிட்ட போன வருடப் பட்டியல்களைப் பாருங்கள். விருப்ப ஒழுங்கை மகனே எழுதட்டும், நீங்களும் எழுத வேண்டாம்.